மாத்திரையா, தூக்கப் பயிற்சியா: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தூக்கம் தொலைத்தவளின் ஒப்பீடு

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்ணிடம் முடி கொட்டுவதைப் பற்றியும் வாந்தியைப் பற்றியும் விசாரிக்காதவர் இல்லை. இரவு எப்படிப் போகிறது என்று கேட்பவர்தாம் அரிது. எனக்கு 46 வயதில் நோய் கண்டது. கீமோ, அறுவை, ரேடியேஷன் என்று ஒன்பது மாதங்களும், அதன் பின் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையுடன் இரண்டரை ஆண்டுகளும் கழிந்திருக்கின்றன. இந்தக் காலத்தில் தூக்கத்துக்காக இரண்டு வழிகளை முழுதாகக் கையாண்டு பார்த்தேன். முதலாவது தூக்க மாத்திரை. இரண்டாவது, ‘சிபிடி-ஐ’ என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும், தூக்கமின்மைக்கான நடத்தைப் பயிற்சி. நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலாவது இல்லாமல் கீமோ நாட்களைக் கடந்திருப்பேன் என்று சொல்லும் துணிவும் எனக்கில்லை.

இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன்னால், காசு செலவே இல்லாத ஒரு திருத்தத்தைச் சொல்ல வேண்டும். கீமோவின்போது வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தருகிறார்கள். ஊசி ஏற்றிய நாளில் மட்டுமல்லாமல், பலருக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கும் மாத்திரையாக அது தொடர்கிறது. என்னுடைய மருந்துச் சீட்டில் காலை, இரவு என்றிருந்ததால் இரண்டாவது வேளையை இரவு எட்டு மணிச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டு, விடியும்வரை மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூளை மட்டும் யாரோ சாவி கொடுத்ததைப் போல ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் சுற்றுக்குப் போனபோது மருத்துவர், “ஏம்மா, ராத்திரியிலயா போடுறீங்க? மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க” என்றார். நேரத்தை மாற்றியதும் மூன்று இரவுகளில் ஒன்றாவது திரும்பக் கிடைத்தது. உங்கள் சீட்டிலும் இரவு வேளை எழுதியிருந்தால், நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேட்டு முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

மாத்திரையின் சிறப்பைச் சொல்ல நீண்ட விளக்கம் தேவையில்லை; அது வேலை செய்கிறது, அன்றிரவே செய்கிறது. எனக்குக் கொடுத்தது அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம். விலை அற்பம். போட்ட அரை மணியில் மனத்தின் இரைச்சல் அடங்கிவிடும். கீமோ ஏற்றிய முதல் மூன்று இரவுகளுக்கு அது பொருத்தமான மருந்து என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த இரவுகளின் தூக்கமின்மைக்குக் காரணம் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போனால் காரணமும் போய்விடும். அறுவைக்குப் பிறகு, விலாப்பக்கத்தில் குழாயும் அதன் நுனியில் நிணநீர் சேரும் பையுமாக மல்லாந்தே படுத்திருக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு நாட்களிலும் அப்படித்தான். கையின் கீழே ஒரு தலையணையும் ஒரு மாத்திரையும் இருந்தால் இரவு நகர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், என் மாத்திரை அந்த இரவுகளோடு நிற்கவில்லை. மூன்று இரவுக்கு என்று தொடங்கியது வாரக் கீமோ வந்ததும் எல்லா இரவுக்கும் ஆயிற்று. நான்காம் மாதத்தில் 0.25 போதாமல் 0.5 ஆயிற்று. யாரும் அதைத் தவறாகச் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதினார், நானும் வாங்கிப் போட்டேன். அல்பிரசோலமும், சோல்பிடெம் என்னும் இன்னொரு தூக்க மாத்திரையும் இந்தியாவில் ஹெச் 1 பட்டியலில் உள்ள மருந்துகள். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கட்டத்தை மாதக்கணக்காகக் கையில் வைத்திருந்தும் நான் படித்ததில்லை.

இந்த ஒப்பீட்டில் எனக்குத் தீர்ப்பாக அமைந்தது ஒரே கேள்விதான்: நிறுத்தும்போது என்ன ஆகிறது? விலை, பக்கவிளைவு, காலைத் தூக்கக் கலக்கம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன. ரேடியேஷன் முடிந்த வாரம், இனி நோயாளி இல்லை என்ற உற்சாகத்தில், ஒருநாள் மாத்திரையைப் போடாமல் படுத்தேன். அன்றும் மறுநாளும் கண் ஒரு நிமிடமும் மூடவில்லை; விரல்கள் நடுங்கின, நெஞ்சு அடித்துக்கொண்டது, நோய் திரும்பிவிட்டது என்று உறுதியாக நம்பினேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்த மனநல மருத்துவர், இது நோயல்ல, மாத்திரை விலகும்போது வரும் எதிர்வினை என்றும், மாதக்கணக்காகப் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரலாம் என்றும் சொல்லி, நிறுத்த ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அல்பிரசோலம் சேர்ந்த ‘பென்சோடையசிபைன்’ வகை மருந்துகள் அனைத்துக்கும், பழக்கமாதலையும் விலகலின்போது வரும் துன்பத்தையும் பற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கச் செய்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை 0.125 மில்லிகிராம் குறைக்க வேண்டும் என்பது அட்டவணை. கேட்பதற்கு எளிது. 0.5 மாத்திரையை எவர்சில்வர் தட்டில் வைத்துப் பிளேடால் நான்காக வெட்டினால் ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் பொடியாகவும் ஆகிவிடும். அந்தப் பொடியை விரல் நுனியால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்த இரவுகளில் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. பிறகுதான் 0.25 மாத்திரையை வாங்கி இரண்டாகப் பிளப்பது சுலபம் என்று தெரிந்தது. தொடங்க ஒரே இரவு போதுமாயிருந்த மருந்தை விட ஒன்பது வாரம் பிடித்தது.

சில வாரச் சிகிச்சையாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மார்பகப் புற்றுநோயில் கணக்கே வேறு. ஹார்மோன் சார்ந்த கட்டியாக இருந்தால் டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம் ஐந்து ஆண்டுகளுக்கு, சிலருக்குப் பத்து ஆண்டுகள்வரை. கீமோவில் மாதவிடாய் நின்று, மேலே இந்த மாத்திரையும் சேரும்போது, மருத்துவர்கள் ‘ஹாட் ஃப்ளஷ்’ என்னும் குப்பென்ற சூடு நள்ளிரவில் கழுத்திலிருந்து தலைக்கு ஏறி, இரவாடையை நனைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் குளிரடிக்க வைத்துவிட்டுப் போகும். ஐந்து ஆண்டுகள் நீடிக்கக்கூடிய தொல்லைக்கு, நான்கு மாதத்தில் அளவு இரட்டித்துவிட்ட மருந்தை எப்படிப் பதிலாக வைத்துக்கொள்வது? மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் மாத்திரைகள் எலும்பை மெலிய வைப்பவை. தூக்க மாத்திரையின் மயக்கத்தில் இரவு கழிவறைக்கு எழுந்து தடுமாறி விழுந்தால் அவர்களுக்கு எலும்பு முறியலாம். லெட்ரசோல் எடுத்த அனுபவம் எனக்கில்லை. அதன் மூட்டுவலி இரவில் எப்படி எழுப்பும் என்பதைத் தோழிகள் சொல்லித்தான் அறிவேன்.

இனி, நான் சாய்ந்த பக்கம். சிபிடி-ஐ என்பது மனத்தை அமைதிப்படுத்தும் உபதேசம் அல்ல. அது பெரும்பாலும் கணக்கு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் பரிந்துரைத்தது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் இது பலன் தருவதைக் கனடாவின் கியூபெக்கில் ழோசே சவார் குழுவினர் 2005இலேயே ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். அடிப்படை இதுதான்: தூக்கம் வராதவர்கள் இழந்ததை ஈடுகட்டக் கூடுதல் நேரம் படுத்துக்கொள்கிறோம், படுக்கை விழித்திருக்கும் இடமாகப் பழகிவிடுகிறது, முதல் காரணம் போன பிறகும் இந்தப் பழக்கம் தூக்கமின்மையைத் தாங்கிப் பிடிக்கிறது. என் விஷயத்தில் ஸ்டீராய்டு போய்ப் பல மாதமாகியும் இரவுகள் சீராகாததற்கு விளக்கம் அங்கே கிடைத்தது.

அதே மனநல மருத்துவர் ஒரு வாரம் குறிப்பெழுதச் சொன்னார். எங்கள் வீட்டுப் பால் கணக்கு அட்டையில் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ‘அரை லிட்டர்’ என்பதற்குக் கீழே இடம் இருந்தது. படுத்தது, எழுந்தது, தூங்கியது என்று மூன்று எண்களை அதில் எழுதினேன். வார முடிவில் பார்த்தால், இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறேன், எட்டரை மணி நேரம். தூங்கியதோ சராசரி ஐந்து மணி நேரம். படுத்த நேரத்தில் தூங்கியது நூற்றுக்கு 59. அவர் கொடுத்த விதி கொடுமையாகத் தோன்றியது: இரவு 12க்குப் படுக்க வேண்டும், 5.30க்கு எழ வேண்டும், எப்படித் தூங்கியிருந்தாலும் எழும் நேரம் மாறக்கூடாது, பகலில் படுக்கக் கூடாது. சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து போய், தூக்கம் சொக்கும்போதுதான் திரும்ப வர வேண்டும். மணியைப் பார்க்கக் கூடாது என்பதால் சுவர்க் கடிகாரம் கூடத்துக்குப் போயிற்று.

முதல் பத்து நாள் மோசமாக இருந்தன என்பதை மறைக்க மாட்டேன். இரவு பதினோரு மணிக்கு விழித்திருப்பதற்காகவே அரிசியில் கல் பொறுக்கினேன். கடையில் வாங்கும் அரிசியில் இப்போது கல்லே இருப்பதில்லை என்பது வேறு விஷயம். பகலில் என் அத்தைதான் பெரிய எதிர்க்கட்சி. “உடம்பு தேறணும்னா படுத்துக்கோம்மா, கண்ணை மூடிக்கிட்டு இரு, தூக்கம் தானா வரும்” என்று பாயை விரித்து வைத்துவிடுவார். அன்பினால் விரித்த பாய். அதில் படுக்காமலிருப்பது மாத்திரையை விடுவதைவிடக் கடினமாக இருந்தது. முதல் வாரம் ஐந்தரை மணியில் நாலரை தூங்கினேன், நூற்றுக்கு 82. விதிப்படி 85ஐத் தாண்டினால்தான் சலுகை. இரண்டாம் வாரம் 88 வந்தது, படுக்கும் நேரம் கால் மணி முன்னே வந்தது. இப்படி ஐந்து முறை சலுகை பெற்று, ஒன்பது வார மாத்திரைக் குறைப்பும் முடிந்தபோது, 10.45க்குப் படுத்து 5.30க்கு எழுபவளாக ஆகியிருந்தேன். குப்பென்ற சூடு நிற்கவில்லை. இன்றும் இரவுக்கு ஒன்றிரண்டு முறை எழுப்புகிறது. ஆனால் முன்பு ஒருமுறை எழுப்பினால் ஒன்றரை மணி நேரம் போகும். இப்போது இரவாடையை மாற்றிப் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன்.

பராமரிப்பு என்ற கணக்கிலும் இதற்கே கூடுதல் மதிப்பெண். ஆறு மாதப் பரிசோதனை நெருங்கும் வாரத்தில் பயம் வந்து தூக்கம் கெடுகிறது, ஒவ்வொரு முறையும் கெடுகிறது. அப்போது படுக்கும் நேரத்தை 11.30க்குத் தள்ளி, பால் அட்டையை எடுத்து, நான்கைந்து நாள் பழைய விதிக்குத் திரும்புகிறேன். மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை, விலக வேண்டியதும் எதுவுமில்லை.

எனினும் இது எல்லோருக்கும் எல்லா நேரத்துக்கும் உகந்ததல்ல. நான் இதைக் கீமோ முடிந்த பிறகுதான் செய்தேன். வெள்ளணுக்கள் இறங்கி எழுந்து நிற்கவே தெம்பில்லாத வாரங்களில் தூக்க நேரத்தை இறுக்கிப் பிடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் எழும் நேரத்தை மட்டும் நிலையாக வைத்தாலே போதும் என்பது என் ஊகம். வலிப்பு, இருமுனை மனநோய் உள்ளவர்களும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் நம் மாவட்டத் தலைநகரங்களில் எளிதில் அகப்படுவதில்லை என்பதும் உண்மையான குறை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்டுள்ள ‘இன்சோம்னியா கோச்’ என்ற இலவசச் செயலி உதவும். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாக. அமெரிக்காவில் 2013இல் 410 புற்றுநோய் மீண்டவர்களிடம், பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம், நடந்த ஆய்வில் வாரம் இருமுறை மென்மையான யோகா தூக்கத்தைச் சீராக்கியது. 2017இல் 90 பெண்களிடம் நடந்த இன்னொன்றில் தை சி என்ற சீன உடற்பயிற்சி சிபிடி-ஐக்குச் சளைக்கவில்லை. யோகா செய்கிறேன், கைவீக்கத்துக்கும் தோளுக்கும் நல்லதாக இருக்கிறது, தூக்கத்துக்கு அது எவ்வளவு உதவிற்று என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜாதிக்காய்ப் பால் குடித்தேன்; பால் ருசியாக இருந்தது. அமுக்கரா சூரணத்தை ஈரலைப் பற்றிய எச்சரிக்கைகளைப் படித்தபின் தொடவில்லை.

சூட்டுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றைச் சிலருக்குத் தருவார்கள். அவற்றுள் பராக்ஸிடினும் ஃப்ளூஆக்ஸிடினும் டமாக்ஸிஃபெனை உடல் வேலைக்கேற்ற வடிவுக்கு மாற்றும் நொதியைத் தடுப்பவை. வென்லாஃபாக்ஸினுக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு. நம் ஊர்க் கடைகளில் பராக்ஸிடினும், அல்பிரசோலத்தின் வகையைச் சேர்ந்த க்ளோனசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வருகின்றன, ஆகவே எந்த மருத்துவரிடம் தூக்கத்துக்காகப் போனாலும் டமாக்ஸிஃபென் அட்டையைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள். தூக்க மாத்திரைதான் வேண்டும் என்று முடிவானால், முப்பது மாத்திரைக்குச் சீட்டு வாங்காமல், எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.