ஸ்டியரிங்கில் போடும் மஞ்சள் பூட்டு: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

போன வருஷம் ஜூன் மாதம், குளிர் நாள். விடிய ஆறு மணிக்கு வேலைக்குப் போகக் கதவைத் திறந்தால், கார் நின்ற இடத்தில் கண்ணாடித் துண்டுகள்தான் கிடந்தன. மெல்பேர்னின் ஹம்ப்டன் பார்க்கில் எங்கள் தெரு அமைதியான தெரு. காரின் இரண்டு திறப்புகளும் குசினி மேசையில் அப்படியே இருந்தன. திறப்பில்லாமல் எப்படிக் கொண்டு போனார்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை. முன்வீட்டு ஆப்கானியர் விளக்குமாற்றோடு வந்து, நான் கேட்காமலே கண்ணாடியைக் கூட்டித் தந்தார்.

அடுத்த நாள் வந்த பொலிஸ்காரர்தான் விளக்கினார். பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடியை உடைத்து உள்ளே வருகிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்மார் கணினியைச் சொருகும் துளை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கருவியைச் சொருகி, கையோடு கொண்டு வந்த வெற்றுத் திறப்பை அந்தக் காருக்கே உரிய திறப்பாக மாற்றிவிடுகிறார்கள். சில நிமிஷ வேலை. கார் ஐந்தாம் நாள் கிரான்போர்ன் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்துக்கு அருகில் கிடந்தது, வேறு யாருடையதோ இலக்கத்தகட்டோடு. பின்சீற்றில் இருந்த மகளின் சலங்கைப் பை கிடைக்கவில்லை. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்து கொடுத்த சலங்கை. இன்ஷூரன்ஸ் அதற்கு என்ன விலை போடும்?

அதற்குப் பிறகு நான் வாங்கியவற்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் பலர் பயத்தில் கண்டதையெல்லாம் வாங்குகிறார்கள்.

முதலில் வாங்கியது திறப்பு போட்டு வைக்கும் பை. சிக்னலை மறைக்கும் உலோகத் துணி உள்ளே தைத்திருக்கும். இருபது டொலர். இது இருந்தால் காருக்குப் பயமில்லை என்று கடையில் சொன்னார்கள். அது சரியில்லை. வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சிக்னலை வெளியே நின்று இழுத்துக் காரைத் திறக்கும் முறை ஒன்று உண்டு. இந்தப் பை அதை மட்டும்தான் தடுக்கும். என் கார் போன முறைக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வாங்கினால் அடிக்கடி சோதியுங்கள்: திறப்பைப் பைக்குள் போட்டு, காருக்குப் பக்கத்தில் நின்று கதவு திறக்கிறதா என்று பாருங்கள். என்னுடையது ஐந்தாம் மாதம் மடிப்பில் கிழிந்து, கதவு திறந்துவிட்டது.

இனி மஞ்சள் பூட்டு. முதலில் முப்பது டொலருக்கு ஒன்று வாங்கினேன். பூட்டிய பிறகும் ஆடியது. நானே இழுத்தால் வளைந்துவிடும் போலிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது நூற்றுப் பத்து டொலர். அம்மிக் குழவியைத் தூக்குவது போலப் பாரம். ஸ்டியரிங் வளையத்தைக் கவ்விக்கொண்டு, நீளமான கம்பி டாஷ்போர்டுக்கு மேலே நிற்கும். சக்கரத்தை முழுதாகத் திருப்ப முடியாது. கள்ளத் திறப்பால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாலும் தெருமுனை திரும்ப ஏலாது.

குறைகள் இருக்கின்றன. இரவு வேலை முடித்து வரும்போது விரல்கள் விறைத்திருக்கும்; பூட்டுத் துவாரத்தை இருட்டில் தேட வேண்டும். டாஷ்போர்டில் இரண்டு கீறல் விழுந்துவிட்டது. இப்போது பழைய துவாயை மடித்து வைக்கிறேன். மூட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு இது சரிவராது, என் மாமியால் தூக்கவே முடியவில்லை. வாங்க முன் உங்கள் ஸ்டியரிங்கின் தடிப்பை அளந்துகொண்டு போங்கள், எல்லாக் காருக்கும் பொருந்தாது. இரும்பு அறுக்கும் வாளும் பொறுமையும் உள்ளவன் ஸ்டியரிங் வளையத்தையே அறுத்துவிட்டுப் போகலாம். ஆனால் அதற்கு நேரம் எடுக்கும், சத்தம் வரும்.

நவம்பரில் ஒரு இரவு, இரண்டு மணிக்குப் பிறகு, எங்கள் கமராவில் இரண்டு பேர் பதிந்திருந்தார்கள். தலையை மூடிய உடுப்பு, கையில் டோர்ச். ஒவ்வொரு காருக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். எங்கள் காரின் ஸ்டியரிங்கில் வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது. பூட்டினால்தான் போனார்கள் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு ஒரு இரவும் நான் பூட்டாமல் படுத்ததில்லை.

காணொளியைப் பொலிசுக்கு மட்டும் கொடுத்தேன். எங்கள் வட்சப் குழுவில் போடச் சொல்லிக் கேட்டார்கள். முகமே தெரியாத படத்தை வைத்துக்கொண்டு, இன்ன நாட்டுப் பிள்ளைகள்தான் என்று ஒருவர் முடிவும் கட்டிவிட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. கொழும்பில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையில் இருந்த பெயரையும் ஊரையும் பார்த்தே என் அண்ணாவை இறக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் சொல்லி அழுத நாங்கள் இதைச் செய்யலாமா? 2025 செப்டம்பரில் மெல்பேர்னின் மேற்கே கோபிள்பேங்கில் வெட்டிக் கொல்லப்பட்ட 12 வயதுப் பையனும் 15 வயதுப் பையனும் தென் சூடான் குடும்பங்களின் பிள்ளைகள். அந்தத் தாய்மாரின் பயம் எங்கள் பயத்தைவிடப் பெரியது.

அதற்காக, சும்மா பயப்படுகிறீர்கள் என்று எங்களுக்குச் சொல்பவர்களையும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். விக்டோரியாவின் குற்றப் புள்ளிவிவர நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுகிறது. 2025 ஜூன் வரையான ஒரு வருஷத்தில் மாநிலத்தில் 30,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் களவு போயிருக்கின்றன. இருபது வருஷத்துக்கு மேலாக இப்படி இருந்ததில்லை. 2025 மே 25ஆம் தேதி பிரெஸ்டனில் நோர்த்லாண்ட் கடைத்தொகுதிக்குள் வெட்டுக்கத்திச் சண்டை நடந்தது. அதன் பிறகுதான் அரசு அவசரமாக அந்தக் கத்திகளின் விற்பனையை நிறுத்தியது. செப்டம்பர் தொடக்கம் நவம்பர் முடியும்வரை, கத்தி வைத்திருப்பவர்கள் கொண்டு வந்து போட பொலிஸ் நிலையங்களில் பெட்டிகள் வைத்தார்கள். அதே நேரம் விக்டோரியா பொலிசில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலை இடங்கள் ஆளில்லாமல் கிடந்தன. புது ஆணையாளராக நியூசிலாந்திலிருந்து மைக் புஷ் வந்தது என் கார் போன அதே ஜூன் மாதம். ஆள் குறைந்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை நான் தொலைபேசியில் காத்திருந்து அறிந்துகொண்டேன்.

பொலிசின் தொலைபேசிச் சேவையையும் சொல்ல வேண்டும். கள்ளன் இப்போது வாசலில் நிற்கிறான் என்றால் அவசர இலக்கம் 000. காலையில் எழும்பிப் பார்க்கும்போது கார் இல்லை என்றால், அவசரமில்லாத முறைப்பாட்டுக்கான 131 444. எனக்கு நாற்பது நிமிஷம் காத்திருக்க வேண்டி வந்தது. ஆனால் எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, நான் பதறி இலக்கத்தை மாற்றிச் சொன்னபோது திருத்தி, அறிக்கை எண் தந்தார். அந்த எண் இல்லாமல் இன்ஷூரன்ஸ் அசையாது. கண்ணாடி மட்டும்தானே உடைத்தார்கள், இலக்கத்தகடு மட்டும்தானே போனது என்று முறைப்பாடு செய்யாமல் விடாதீர்கள். உங்கள் தகட்டை மாட்டிய காரில் இன்னொருவன் பெற்றோல் அடித்துவிட்டுப் பணம் கொடுக்காமல் ஓடுவான்; கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும்.

நான் முழு மனதோடு சிபாரிசு செய்வது ஒன்று இருக்கிறது. அயலவர்கள் சேர்ந்து தங்கள் தெருக்களைக் கவனித்துக்கொள்ளும் நெய்பர்ஹூட் வாட்ச் இயக்கத்தின் தொண்டர்கள் பொலிசோடு சேர்ந்து நடத்தும் 'சேஃப் பிளேட்' நாள். நெய்பர்ஹூட் வாட்ச் இந்த மாநிலத்தில் 1983இல் பிராங்க்ஸ்டன் பக்கம் தொடங்கியது. கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் வரிசையில் நிறுத்தினால், இலக்கத்தகட்டின் சாதாரண ஸ்குரூக்களைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திரும்பும் ஸ்குரூக்களைப் பூட்டித் தருகிறார்கள். உண்டியலில் ஒரு தங்க நிற நாணயம் போட்டால் போதும். எனக்குச் செய்து தந்தவர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர், ஈர நிலத்தில் முழங்காலில் இருந்து செய்தார். பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரி, இரவில் பின்கதவைப் பூட்டுகிறீர்களா, திறப்பை எங்கே வைக்கிறீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார். கார்த் திறப்புக்காகவே ஆட்கள் நித்திரையில் இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறார்களாம், அதுவும் பூட்டாத கதவால். அன்று தொடக்கம் திறப்பு குசினி மேசையில் இருப்பதில்லை. மாமி படுக்கப் போகுமுன் "பிள்ளை, பின்கதவு பூட்டினனியே?" என்று கேட்காத நாளில்லை.

பூட்டுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம், பைக்கு ஒன்று. சேஃப் பிளேட்டுக்கு ஐந்தும். அடுத்த முறை நடக்கும்போது ஆப்கானியரின் வானையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அவருடைய முன்தகடு போன கிழமை காணாமல் போய்விட்டது.