செய்தியோடு பொருளாதாரம் சொல்லித்தரும் வாராந்தர மடல்: சந்தா கட்டலாமா?

வாரம் ஒரு செய்தி, அதை வைத்து ஒரு பொருளாதாரக் கருத்து, கடைசியில் மூன்று கேள்வி. இவ்வளவுதான் சேவை. மின்னஞ்சலில் வரும், செயலியிலும் படிக்கலாம், படிக்கச் சோம்பலாக இருந்தால் ஒலி வடிவமும் உண்டு. பெயரைச் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், இதே அச்சில் இப்போது நிறைய சேவைகள் வந்துவிட்டன, நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். காசு கட்டலாமா என்று யோசிப்பவர் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல இதழ்கள் மிகவும் நன்றாக இருக்கின்றன, மோசமான இதழ்கள் வெறும் சீட்டு ஒட்டும் வேலை. விலை ஏறியதா, தேவை-அளிப்பு என்று ஒரு சீட்டு. அரசாங்கம் எதற்காவது செலவு செய்ததா, வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு, என்று இன்னொரு சீட்டு. படித்து முடித்ததும் ஏதோ புரிந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தச் செய்தியைப் பற்றி முன்பு தெரியாத ஒன்றுகூடப் புதிதாகத் தெரிந்திருக்காது. சில வாரம் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, அதற்கு ஒரு படமும் வரைந்துவிடுகிறார்கள்.

நல்ல இதழ் எப்படி இருக்கும் என்பதற்கு அவர்களுடைய இறக்குமதி வரி இதழையே எடுத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா ஏறக்குறைய எல்லா நாடுகளின்மீதும் வரி அறிவித்தபோது எல்லோரும் 'வரியைக் கட்டுவது யார்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பழைய ஒரு கதைக்குப் போனார்கள். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு வாஷிங் மெஷின்கள்மீது வரி போட்டது, விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. இதுவரை ஆச்சரியம் இல்லை. இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி: துணி உலர்த்தும் டிரையருக்கு வரி கிடையாது, அப்படியானால் டிரையரின் விலை என்ன ஆகியிருக்கும்? பதில் தெரிய அடுத்த பக்கம் போக வேண்டும். டிரையர் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. அங்கே மக்கள் இரண்டையும் ஜோடியாக வாங்குகிறார்கள், கடைகளும் பெரும்பாலும் ஒரே விலை போட்டு ஜோடியாக விற்கின்றன, அதனால் வரியின் பாரத்தை இரண்டின் தலையிலும் பிரித்து வைத்துவிட்டார்கள். உள்நாட்டில் தயாரித்தவர்களும் சும்மா இருக்கவில்லை, போட்டியாளரின் விலை ஏறிய தைரியத்தில் தாங்களும் ஏற்றினார்கள். இந்த வரியால் சுமார் 1,800 வேலை உருவானது என்றும், ஒரு வேலைக்கு நுகர்வோர் ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அதே இதழில் வந்த அடுத்த பத்தி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே குறிப்பிட்ட சில நாடுகளின் மெஷின்களுக்கு மட்டும் வரி போட்டுப் பார்த்திருந்தார்கள். அப்போது விலை பெரிதாக ஏறவில்லை. ஏனென்றால் கம்பெனிகள் உற்பத்தியை வரி இல்லாத வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டன, அந்த நாட்டுக்கும் வரி வந்தபோது இன்னொரு நாட்டுக்கு. தப்பிக்க வழி இருக்கும்வரை விலை அடங்கி இருந்தது, எல்லா வழியையும் அடைத்த பிறகுதான் ஏறியது. 'வரி போட்டால் விலை ஏறும்' என்ற மொட்டை வாக்கியத்தை மனப்பாடம் செய்தவருக்கு இந்த இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க முடியாது. மாற்றுப் பொருள் எவ்வளவு எளிதில் கிடைக்கிறது என்ற கேள்வியைக் கையில் வைத்திருப்பவருக்கு முடியும். ஒரு கருத்து உதவுகிறதா இல்லையா என்று நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன்: செய்தியில் இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, அங்கே போய்ப் பார், இன்னது நடந்திருக்கும் என்று அது சொல்ல வேண்டும், போய்ப் பார்த்தால் சரியா தவறா என்று தெரிய வேண்டும்.

எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போன கதையையும் நன்றாக எழுதியிருந்தார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம் (பின்னால் ஒரு தேதியில் வாங்கிக்கொள்வதாக இன்றே விலை பேசி வைப்பது) பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. 'எண்ணெய்க்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது' என்று தலைப்புகள் வந்தன. ஆனால் அந்த விலை உலகத்து எண்ணெய் முழுவதற்குமானது இல்லை, மறுநாள் காலாவதியாகும் ஓர் ஒப்பந்தத்தின் விலை. கையில் வைத்திருந்தால் ஓக்லஹாமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் நிஜமான எண்ணெயை வாங்கிக்கொள்ள வேண்டும், அங்கே கிடங்குகளில் மீதி இருந்த இடத்தையும் ஏற்கெனவே பிடித்துவைத்துவிட்டார்கள். வைக்க இடம் இல்லாதவன் காசு கொடுத்தாவது கைமாற்றிவிடத்தானே பார்ப்பான். அதே நாளில் ஜூன் மாத ஒப்பந்தம் 20 டாலர் சுமாருக்கு விலை போய்க்கொண்டிருந்தது என்பதைப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், அந்த ஒரு எண்ணே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறையும் எண்ணெய் விஷயத்தில்தான், ஆனால் வேறொரு இதழில். 'எண்ணெய் விலை இறங்கினால் போக்குவரத்துச் செலவு குறையும், மக்கள் கையில் பணம் மிஞ்சும், வளர்ச்சி கூடும்' என்று அம்புக்குறி போட்டு ஒரு படம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் 147 டாலர் வரை போன கச்சா எண்ணெய் டிசம்பரில் 40-க்கும் கீழே வந்தது, அந்த அம்புக்குறியின்படி உலகம் அமோகமாக வளர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு, ஏனென்றால் பொருளாதாரம் படுத்ததால்தான் விலையே இறங்கியது. 2014 பிற்பகுதியில் விலை 100-க்கு மேலிருந்து சில மாதங்களில் 50-க்குக் கீழே வந்ததற்கு அமெரிக்காவில் பாறை எண்ணெய் (பாறை அடுக்குகளை உடைத்து எடுக்கும் எண்ணெய்) உற்பத்தி பெருகியதும், அந்த நவம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கின் நாடுகள் உற்பத்தியைக் குறைக்க மறுத்ததும் பெரிய காரணங்கள். இரண்டு முறையும் செய்தித் தலைப்பு ஒன்றுதான், எண்ணெய் விலை வீழ்ச்சி என்று. உள்ளே இருக்கும் கதை வேறு வேறு. தேவை சுருங்கியதா, அளிப்பு பெருகியதா என்று கேட்காமல் விலையை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது. விலையோடு அளவையும் பார்த்தால் போதும், விற்பனை அளவும் சேர்ந்து குறைந்திருந்தால் தேவை சுருங்கிய கதை, கூடியிருந்தால் அளிப்பு பெருகிய கதை. பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கும் விஷயம் இது. அடிப்படைப் பொருளாதாரம் சொல்லித்தருகிறேன் என்று சந்தா வாங்குபவர்கள் இதிலேயே கோட்டை விட்டால் என்ன சொல்வது?

கோக்கோ இதழ் பாதிக் கிணறு தாண்டியது. 2022-இல் டன் 2,500 டாலர் சுமாரில் இருந்த கோக்கோ 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. மோசமான வானிலை, நோய் தாக்கிய மரங்கள், வயதான தோப்புகள் எல்லாம் ஒன்றுசேர்ந்துகொண்டன. மரம் நட்டுக் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் குறுகிய காலத்தில் அளிப்பு அசையாது, நீண்ட காலத்தில் அசையும் என்பதை அழகாகச் சொன்னார்கள். அப்புறம் 'விலை ஏறிவிட்டதால் விவசாயிகள் அதிகம் நடுவார்கள்' என்று முடித்துவிட்டார்கள். எந்த விலை? உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் தருவது ஐவரி கோஸ்ட்டும் கானாவும். இரண்டு நாட்டிலும் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை அரசு அமைப்புகள் பருவத் தொடக்கத்தில் நிர்ணயிக்கின்றன. நியூயார்க்கில் விலை எகிறும்போது தோப்பில் நிற்பவருக்கு அது உடனே போய்ச் சேருவதில்லை. கூடுதல் உரம் வாங்கவோ புதுக் கன்று நடவோ அவருக்குக் காரணமும் கிடையாது, காசும் கிடையாது. கருத்து சரி, அந்த ஊரின் ஏற்பாடு தெரியாமல் அதைப் பொருத்தியதுதான் தப்பு.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரி டிக்கெட் விவகாரம் பற்றிய இதழ் இருப்பதிலேயே சோம்பேறித்தனமானது. 2022 நவம்பரில் முன்விற்பனையின் கூட்டத்தைத் தாங்க முடியாமல் இணையதளம் திணறி, பொது விற்பனையையே ரத்து செய்தார்கள். 'தேவை அதிகம், அளிப்பு குறைவு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அது எனக்கே தெரியுமே! அவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தும் விற்பவர் ஏன் இன்னும் அதிக விலை வைக்கவில்லை என்பதுதான் ருசியான கேள்வி. ரசிகர்களின் நல்லெண்ணமா, நிரம்பிய அரங்கத்தின் மதிப்பா, நாளைக்குப் பாட்டும் சட்டையும் வாங்கப்போகிறவரை இன்றைக்கே விரட்டக்கூடாது என்ற கணக்கா? விலையைக் குறைத்து வைத்தால் மீதியை வரிசையில் நின்றோ, அதிர்ஷ்டத்தாலோ, மறுவிற்பனைக்காரரிடமோ கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற இடத்துக்காவது வந்திருக்கலாம்.

குறைந்தபட்சக் கூலி இதழைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் படத்தை வரைந்து, கூலியை உயர்த்தினால் வேலை போகும் என்று அடித்துச் சொன்னார்கள். 1992-இல் நியூ ஜெர்சி கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியபோது, பொருளாதார அறிஞர்கள் கார்டும் க்ரூகரும் அங்கேயும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் உள்ள துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டு, வேலை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள், வேறு சிலர் அதை மறுத்தார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாத சண்டையை ஓய்ந்ததாகக் காட்டுவது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்குப் பிடிக்காது.

பணவீக்க இதழ் மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அமெரிக்காவில் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், 2023 ஜூனில் 3 சதவீதம். குறைந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்ல, பொய் என்று மக்கள் கொதிக்க, இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பதை ஒரே வரிக் கணக்கில் காட்டினார்கள்: 100 டாலர் பொருள் 109.1 ஆனது, பிறகு 112 சொச்சம் ஆனது. ஏறும் வேகம்தான் குறைந்தது, விலை எங்கே இறங்கியது?

மற்றபடி, ஒலி வடிவம் இயந்திரக் குரல், எண்களை வாசிக்கும்போது காது வலிக்கிறது. செயலியில் கருத்தின் பெயரைப் போட்டுத் தேட முடியாது, தேதியை வைத்துத்தான் தேட வேண்டும், இது மாதிரிச் சேவைக்கு அது பெரிய ஓட்டை. மூன்று கேள்விகளில் இரண்டு சும்மா ஞாபகத்தைச் சோதிப்பவை, மூன்றாவதுதான் யோசிக்க வைக்கும். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது உதவாது, வரையறையெல்லாம் கிடைக்காது. சந்தாவைத் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறார்கள், முன்கூட்டி ஒரு அறிவிப்பும் வருவதில்லை, அமைப்புகளுக்குள் போய் நாமே அணைக்க வேண்டும்.

நான் அதை அணைத்துவிட்டு, அடுத்த முறை மாதச் சந்தாவாகத் தொடரப் போகிறேன். சேர நினைப்பவர்கள் முகப்பில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் வாஷிங் மெஷின் இதழை மட்டும் படித்துவிட்டுப் பணம் கட்ட வேண்டாம், அவர்கள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான், தெரிந்துதான் அங்கே வைத்திருக்கிறார்கள். மாதிரிக்கு டிக்கெட் இதழையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் அனுப்புகிறார்கள்.