இந்தோனேசிய அகராதியும் ‘மெ’ முன்னொட்டும்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிபவை

ஆங்கிலம் வழியாக இந்தோனேசிய மொழி படிப்பவர்கள் பலரின் மேசையில் இருப்பது எக்கோல்ஸ் – ஷாடிலி அகராதி. கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1961இல் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 1989இல் வந்தது. சொற்கள் வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். ‘மெனுலிஸ்’ (எழுதுதல்) என்ற சொல்லுக்கு, ‘மெ’ என்னும் வினை முன்னொட்டைக் கழற்றி, ‘துலிஸ்’ என்ற இடத்தைப் புரட்ட வேண்டும். 1988இல் முதலில் வெளிவந்த இந்தோனேசியப் பேரகராதியும் இப்படித்தான். முன்னொட்டைக் கழற்றத் தெரியாதவரை இரண்டும் வெறும் காகிதக் கட்டுதான்.

ஆங்கிலப் பாடநூல்கள் ‘மெ’யின் மாற்றங்களை எழுத்துவாரியாக அட்டவணை போடுகின்றன. அட்டவணை தேர்வுக்கு உதவும், படிக்கும்போது கைகொடுக்காது. உண்மையில் நடப்பது ஒன்றே: வேரின் முதல் எழுத்து வாயில் எங்கே பிறக்கிறதோ, அங்கேயே பிறக்கும் மூக்கொலி முன்னால் வந்து ஒட்டுகிறது. தமிழில் இன எழுத்து என்று பள்ளியிலேயே படித்த க–ங, ச–ஞ, த–ந, ப–ம உறவுதான் இது. ‘ஸாப்பு’ (பெருக்கு) ‘மெஞாப்பு’ ஆவதைக் கண்டு ஆங்கிலேயர் விழிப்பார்கள். நமக்கு அதில் வியப்பு இல்லை.

அடுத்த படி: வேர் ‘பழம்’ என்பதில் உள்ள ப போன்ற, தொண்டை அதிராத ஒலியில் தொடங்கினால், மூக்கொலி வந்ததும் அந்த எழுத்து விழுந்துவிடும். புக்குல் (அடி) – மெமுக்குல், துலிஸ் – மெனுலிஸ், கிரிம் (அனுப்பு) – மெஙிரிம். ச விதிவிலக்கு, அது விழாது. ‘பாக்கியம்’ என்பதில் உள்ளது போன்ற அதிர்வொலி விழாது: பாச்சா (படி) – மெம்பாச்சா. ல, ர, வ, ய, மூக்கொலிகளுக்கு முன் வெறும் ‘மெ’ போதும். உயிருக்கும் ஹகரத்துக்கும் ‘மெங்’. ஓரசை வேருக்கு ‘மெஙெ’: லாப் (துடை) – மெஙெலாப்.

சிக்கல் தலைகீழாகப் போகும்போதுதான். மூக்கொலிக்குப் பின் மெய் இருந்தால் அப்படியே வெட்டுங்கள். உயிர் இருந்தால் விழுந்த எழுத்தை ஊகிக்க வேண்டும். ‘மெஞ்’ என்றால் முதலில் ஸ; ‘மெம்’ என்றால் ப; ‘மென்’ என்றால் த. கிடைக்காவிட்டால் மூக்கொலியே வேரின் முதல் எழுத்தாக இருக்கும்: ‘மெனிக்கா’ (மணத்தல்) சொல்லின் வேர் ‘நிக்கா’. ‘மெங்’ தான் மோசம். உயிரிலும் தேட வேண்டும், ககரத்திலும் தேட வேண்டும். ‘மெஙுருஸ்’ என்பது ‘உருஸ்’ஸிலிருந்து வந்தால் கவனித்துக்கொள்ளுதல், ‘குருஸ்’ஸிலிருந்து வந்தால் இளைத்துப் போதல். வாக்கியம்தான் தீர்க்கும்.

ஊகம் தேவைப்படாத குறுக்குவழி ஒன்று உண்டு: செயப்பாட்டு வினையின் ‘டி’ முன்னொட்டு வேரைத் தொடுவதே இல்லை. அதே பத்தியில் ‘டிகிரிம்’ கண்ணில் பட்டால் க வெளிப்பட்டுவிட்டது. இதோடு இடப்பொருள் ‘டி’யைக் குழப்பக் கூடாது. அது தனிச் சொல். ‘டி ரூமா’ (வீட்டில்) என்று இடம் விட்டு எழுதுவார்கள். இந்தோனேசியரே இதில் தவறுவது சாதாரணம்.

விதி மீறும் இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் அடிக்கடி எதிர்ப்படும். ‘பெர்’ (per) என்பதே முன்னொட்டாக இருந்தால் ப விழாது: மெம்பெர்ஹாத்திகான் (கவனித்தல்). ‘பெரிந்தா’ (கட்டளை) சொல்லில் ‘பெ’ வேரின் பகுதி, ஆகவே மெமெரிந்தா. ‘பெஙாரு’ (தாக்கம்) இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது: பேரகராதி ‘மெமெஙாருஹி’ என்கிறது, மக்கள் பலர் ‘மெம்பெஙாருஹி’ என்று எழுதுகிறார்கள். ‘காஜி’யிலிருந்து பிறந்த இரட்டையர் இன்னொரு வேடிக்கை: க விழுந்த ‘மெஙாஜி’ குர்ஆன் ஓதுதல், விழாத ‘மெங்க்காஜி’ ஆராய்தல்.

அதிரும் ப-வில் தொடங்கும் இன்னொரு ‘பெர்’ (ber) முன்னொட்டில் மாற்றம் குறைவு. ரெனாங் (நீச்சல்) – பெரெனாங், கெர்ஜா (வேலை) – பெக்கெர்ஜா என ர ஒன்று குறையும். ‘ஆஜார்’ மட்டும் ‘பெலாஜார்’ (கற்றல்) ஆகும். மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஜகார்த்தா பேச்சில் ‘மெ’ போய் மூக்கொலி மட்டும் மிஞ்சும்: நுலிஸ், ஙிரிம். இங்கே மேலே சொன்ன விதியும் கொஞ்சம் நழுவும். எழுத்து வழக்கில் ‘மென்சுச்சி’ (கழுவுதல்) என்பதில் ச நிற்கும்; பேச்சில் அது ‘ஞுச்சி’. ஞ கேட்டவுடன் ஸகரத்தைப் புரட்டினால் கிடைக்காது. சகரத்தில் ‘சுச்சி’யைப் பாருங்கள்.