கிம்ப்பின் கிராப் கருவி: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

இணையதளத்துக்குப் படங்களை ஒரே அளவில் தயார் செய்ய எந்த மென்பொருளை எடுக்கலாம், படங்களைத் திருத்தும் கிம்ப் (GIMP) போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல வருடங்களாக அதில் வேலை செய்பவன் என்ற முறையில் படத்தை வெட்டும் அதன் கிராப் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தளத்தில் முகப்புப் படத்தின் அளவு 1200-க்கு 630 பிக்சல். கேமரா தருவதோ 4000-க்கு 3000. அகலத்தை 1200 ஆகக் குறைத்தால் உயரம் 900-இல் வந்து நிற்கும். மிச்சமுள்ள 270 பிக்சலை எங்காவது வெட்டியே ஆகவேண்டும். தளத்தை நடத்தும் மென்பொருளிடம் பொறுப்பை விட்டால், மேலே 135, கீழே 135 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடும். குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவர்களின் தலைகள் பெரும்பாலும் அந்த மேல் 135-க்குள்தான் இருக்கும். ஒருவரை நெற்றிக்கு மேல் இல்லாமல் வெளியிடுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அதனால் இந்த வெட்டை நான் எந்தத் தானியங்கிக்கும் விடுவதில்லை.

இந்த இடத்தில் கிம்ப்புக்கு இணை இல்லை என்பேன். ஷிஃப்ட் சி அழுத்திக் கருவியை எடுத்து, அகல-உயர விகிதத்தைப் பூட்டி 1200:630 என்று கொடுத்துவிட்டால், கட்டத்தை எப்படி இழுத்தாலும் விகிதம் குலையாது. வெட்டுப்படப் போகும் பகுதி இருண்டு நிற்கும். கட்டத்தை மும்மூன்றாகப் பிரித்துக் காட்டும் கோடுகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். கட்டத்தை மெல்ல மேலே நகர்த்தி, கடைசி ஆளின் தலைமுடிக்கு மேல் கொஞ்சம் வெளி விட்டு நிறுத்தும்போது கிடைக்கும் நிறைவை வேறு எந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை. பக்கவாட்டில் சாய்ந்து வரும் கைபேசிப் படத்தைத் திறக்கும்போதே, நிமிர்த்தட்டுமா என்று கேட்டுவிடும்.

ஆனால் என்டர் தட்டியதும் எரிச்சல் ஆரம்பமாகிறது. வெட்டிய படம் 4000-க்கு 2100 ஆக அப்படியே நிற்கும். சரி, விகிதத்துக்குப் பதிலாக அளவையே பூட்டுவோம் என்று 1200-க்கு 630 கொடுத்தால், மூலப் படத்திலிருந்து அத்தனை பிக்சலை மட்டும் பிய்த்துத் தரும். ஒரு தோளும் பாதிச் சுவரும் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் அளவைச் சொல்லி வெட்டினால் படம் அந்த அளவுக்கே சுருங்கிவிடுகிறது. இங்கே சுருக்குவதற்கு வேறு மெனுவுக்குப் போகவேண்டும், அதற்குக் குறுக்குவிசைகூட இயல்பாகக் கிடையாது. பிறகு ஜேபெக் ஆக்க, 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, 'சேமி' உதவாது, ஏற்றுமதிதான். 2025-இல் 3.0 வந்தது, கிராப் கருவியின் இந்தப் போக்கு மாறவில்லை. வெட்டுவதற்குக் கண் வேண்டும். சுருக்குவது வெறும் கணக்கு. அந்தக் கணக்கை ஒவ்வொரு படத்துக்கும் என் கையால் ஏன் போட வைக்கவேண்டும்?

இப்போது கிம்ப்பில் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். வெட்டியதைத் தரம் குறையாத பிஎன்ஜி வகையில் ஏற்றுமதி செய்தால் ஜேபெக்கின் தர இழப்பு இடையில் இன்னொரு முறை நேராது. பிறகு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளின் ஒரே கட்டளை கோப்புறை முழுவதையும் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். விகிதம் ஏற்கெனவே சரியாக இருப்பதால் யார் தலையும் போகாது. ஆனால் கோப்பு வகையை மாற்றாமல் சுருக்கினால் அதன் மாக்ரிஃபை (mogrify) கட்டளை மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். நகல் எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம்.

இவ்வளவு புகழ்ந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதுதான். அவர் தினமும் கட்டுக்கட்டாகப் படம் ஏற்றுகிறவர். ஒரு படத்துக்கு மூன்று இடம் ஓடவைக்கும் மென்பொருளை, அதன் கிராப் கட்டம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.