பாஷ்ஆர்சியில் எக்ஸ்போர்ட்டா, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட்டா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஏஆர்எம் போர்டை (ஏஆர்எம் ப்ராசசர் உள்ள சின்ன கம்ப்யூட்டர்) வாங்கிவந்து அன்று இரவே அதற்கான லினக்ஸ் கர்னலை லேப்டாப்பில் கம்பைல் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் ஆர்க் (எந்த ப்ராசசருக்கு), கிராஸ்_கம்பைல் (கம்பைலர் பெயரின் முன்பகுதி) என்று இரண்டு எக்ஸ்போர்ட் வரிகளைச் சேர்ப்பதுதான். ஒரே போர்டு, ஒரே கம்பைலர் என்றால் இதில் தப்பே இல்லை.

சிக்கல், எந்த சி கம்பைலர் என்று பில்ட் டூலான மேக்குக்குச் சொல்லும் சிசி வேரியபிளையும் அங்கேயே போடும்போதுதான். கிண்டியில் வேலை பார்த்த நாட்களில் லேப்டாப்புக்கென்று ஒரு சின்ன டூல் எழுதி, மேக் போட்டு, ரன் செய்தால் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’. அரை நாள் ப்ரோக்ராமையே குடைந்துகொண்டிருந்தேன். அப்புறம் ஃபைல் கமாண்ட் போட்டுப் பார்த்தால், இஎல்எஃப் 32 பிட், ஏஆர்எம் என்று வருகிறது, அதாவது லேப்டாப்பில் ஓடாத ஏஆர்எம் ப்ரோக்ராம்! திறக்கிற ஒவ்வொரு டெர்மினலிலும் சிசி ஏஆர்எம் கம்பைலரையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, தேவைப்படும்போது சோர்ஸ் செய்துகொண்டால் (அதாவது, திறந்திருக்கும் டெர்மினலின் ஷெல்லிலேயே ஓட்டினால்) இந்தத் தொல்லை கிடையாது, டெர்மினலை மூடினால் எல்லாம் போய்விடும். போர்டுகளுக்கு லினக்ஸ் உருவாக்க உதவும் யோக்டோவின் எஸ்டிகே (டெவலப்மென்ட் கிட்) தருவதும் இப்படி ஒரு ஸ்கிரிப்ட்தான், சிஸ்ரூட் (போர்டுக்கான லைப்ரரிகள், ஹெடர்கள் இருக்கும் ஃபோல்டர்), லைப்ரரிகளைக் கண்டுபிடித்துத் தரும் பிகேஜி-கான்ஃபிக்குக்கான பாதை எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆனால் அதை ஸ்கிரிப்ட்டாக ரன் செய்யக் கூடாது, சோர்ஸ்தான் செய்ய வேண்டும். ரன் செய்தால் வேறொரு ஷெல்லில் செட் ஆகி அங்கேயே மறைந்துவிடும், புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

இரண்டு வழியிலும் கவனிக்க வேண்டியவை: கிராஸ்_கம்பைல் மதிப்பின் கடைசியில் ஹைஃபன் கட்டாயம், ஏனென்றால் கர்னல் மேக்ஃபைல் அதோடு ஜிசிசி என்ற கம்பைலர் பெயரை அப்படியே ஒட்டிக்கொள்கிறது. சூடோ போட்டு (ரூட் அனுமதியோடு) கர்னல் மாட்யூல் இன்ஸ்டால் செய்தால் பொதுவாக இந்த வேரியபிள்கள் போய்ச் சேராது, அதனால் மேக் கமாண்டிலேயே அவற்றை எழுதிக் கொடுப்பது நல்லது.

சிமேக் என்ற பில்ட் டூலில் செய்த ப்ராஜெக்ட் என்றால் இரண்டையும் விட, கம்பைலர் விவரங்களை எழுதிவைக்கும் டூல்செயின் ஃபைல்தான் சரி. சிமேக் முதல் தடவை பார்த்த கம்பைலரை கேஷில் வைத்துக்கொள்ளும், பிறகு சிசியை மாற்றினாலும் கண்டுகொள்ளாது.

மற்றபடி என் ஓட்டு ஸ்கிரிப்ட்டுக்குத்தான். அதில் ப்ராம்ப்ட் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்1 வேரியபிளையும் மாற்றி, ப்ராம்ப்ட்டிலேயே போர்டு பெயர் தெரியும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள், எந்த டெர்மினலில் எந்த கம்பைலர் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.