‘வரால்’ விண்வெளி ரோந்துக் கலம்: மாதிரித் தொகுப்பு மதிப்புரை

‘வரால்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்திருக்கும் இந்த மாதிரித் தொகுப்பு, கற்பனையான ஒரு சிறிய இராணுவ விண்வெளி ரோந்துக் கலத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் நாமே கட்டிப் பார்க்கத் தருகிறது. ரெசினில் அச்சிட்ட பாகங்களும், தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படங்களும், நாற்பது பக்கத் தமிழ்க் கையேடும் பெட்டிக்குள் இருக்கின்றன. விலை 3,400 ரூபாய். பாளையங்கோட்டையில் ஓவியப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் சொல்லி வைத்து வரவழைத்தேன். மகேந்திரகிரி மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். ராக்கெட் எஞ்சின் சோதனை என்பது எங்கள் மாணவர்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல, பக்கத்து மலையில் இஸ்ரோ நடத்தும் வேலை. ஆகவே இந்தக் கலத்தை அலமாரியில் வைக்கும் பொம்மையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இதன் வடிவமைப்பு உண்மையில் நிற்குமா, இதன் ஆயுதங்கள் ரோந்து வேலைக்கு உதவுமா என்ற கேள்விகளோடுதான் பெட்டியைத் திறந்தோம்.

கையேட்டின்படி கலத்தின் நீளம் 24 மீட்டர், எரிபொருள் நிரப்பிய எடை 30 டன், எரிபொருள் தீர்ந்த எடை 15 டன், பணியாளர்கள் நால்வர், சுற்றும் உயரம் 400 கிலோமீட்டர். ஒட்டி முடித்தால் ஓர் அடியைவிடச் சற்று நீளமாக இருக்கிறது. முன்பகுதியில் பணியாளர் அறையும், நடுவில் நான்கு உருண்டைத் தொட்டிகளும், பின்னால் இரண்டு எஞ்சின்களும், பக்கத்துக்கு ஒன்றாக வெப்பம் வெளியேற்றும் பலகைகளும் உள்ளன. காற்றில்லாத இடத்தில் பறக்கும் கலத்துக்கு விமானத்தின் இறக்கையையும் கூர்மூக்கையும் மாட்டிவிடும் வழக்கத்தை வடிவமைத்தவர்கள் முற்றிலும் தவிர்த்திருக்கிறார்கள். அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

அவர்கள் மிக நன்றாகச் சிந்தித்திருப்பது எரிபொருளைப் பற்றி. மகேந்திரகிரியில் இரண்டு விதமான எஞ்சின்களும் சோதிக்கப்படுகின்றன. விகாஸ் எஞ்சின் ஹைட்ரசீன் வகை எரிபொருளையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் பயன்படுத்துகிறது. இவை ஒன்றையொன்று தொட்டவுடன் தாமாகவே தீப்பற்றும். சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கிறது. எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதை ராக்கெட் பொறியாளர்கள் விநாடிக் கணக்கில் சொல்வார்கள். அந்தக் கணக்கில் சிஇ-20 எஞ்சின் 440 விநாடியைத் தாண்டுகிறது, விகாஸ் வகை எரிபொருளில் ஓடும் வராலின் எஞ்சினுக்குக் கையேடு கொடுத்திருப்பதோ 310 விநாடிதான். சிக்கனமான கிரையோஜெனிக்கை விட்டுவிட்டு இதை ஏன் தேர்ந்தார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் ரோந்துக் கலம் என்பது மாதக்கணக்கில் காத்திருந்து, அழைப்பு வந்த நொடியில் எஞ்சினை இயக்க வேண்டிய ஒன்று. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகையிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். அதைச் சிறிய தொட்டியில் மாதக்கணக்கில் வைத்திருப்பது மிகக் கடினம். சேமித்து வைக்கக்கூடிய எரிபொருளை ஏற்றுக்கொண்டு, அதனால் குறையும் வீச்சையும் ஒளிக்காமல் எழுதியிருப்பது இந்தத் தொகுப்பின் மீது எனக்கு நம்பிக்கை ஏற்படுத்திய முதல் இடம்.

குறைந்த வீச்சு என்றால் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 டன்னிலிருந்து 15 டன்னாகக் குறையும் வரை எரித்தாலும் இந்தக் கலம் தன் வேகத்தை மொத்தம் நொடிக்கு 2.1 கிலோமீட்டர் அளவுக்குத்தான் மாற்றிக்கொள்ள முடியும். 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கு ஏற நொடிக்கு 0.11 கிலோமீட்டர் போதும், அது எளிது. ஆனால் சுற்றுப்பாதையின் சாய்வை, அதாவது நிலநடுக்கோட்டோடு அது அமைக்கும் கோணத்தை, வெறும் 10 பாகை மாற்ற வேண்டுமானால், நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கலத்தின் திசையையே திருப்ப வேண்டியிருப்பதால், நொடிக்கு 1.3 கிலோமீட்டருக்கு மேல் செலவாகிவிடும். அதாவது, கையிருப்பில் பாதிக்கும் மேல் ஒரே திருப்பத்தில் போய்விடுகிறது. உயரத்தை மாற்றுவது மலிவு, சாய்வை மாற்றுவது பெருஞ்செலவு என்ற இந்த உண்மையைக் கையேடு உணர்ந்திருக்கிறது. ஒரு வரால் கலத்துக்கு ஒரே சாய்வுள்ள பாதைகள்தான் காவல் சரகம் என்றும், வேறு சாய்வுக்கு வேறு கலம் வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. நினைத்த திசையில் நினைத்த நேரத்தில் பாயும் கற்பனைக் கலங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கமே பெரிய பாடம்.

கலத்தைத் திருப்பும் சிறு உந்திகள் பதினாறும் மூக்கிலும் வாலிலும் நான்கு தொகுதிகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைந்த விசையில் கலம் திரும்பும் என்பதால் இடத்தேர்வு சரியானது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் கலத்தின் சேவைப் பகுதிக்காக மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட அமைப்பிலும் 100 நியூட்டன் உந்திகள் பதினாறும், 440 நியூட்டன் எஞ்சின்கள் ஐந்தும் இருந்தன. வடிவமைத்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வெளிச்சுவரை இரண்டு அடுக்காகச் செய்து நடுவே இடைவெளி விட்டிருப்பதும் நல்ல வேலை. வேகமாக வரும் துகள் வெளித்தகட்டில் மோதிப் பொடியாகி, பரவிய பிறகே உட்சுவரைத் தொடும் என்ற விப்பிள் கவசத்தின் தத்துவம் அது. மாதிரியில் 2 மில்லிமீட்டராக இருக்கும் அந்த இடைவெளி முழு அளவில் சுமார் 14 சென்டிமீட்டர் ஆகிறது. பொருத்தமான அளவுதான்.

இனி ஆயுதங்களுக்கு வருகிறேன். கலத்தின் கூரையில் 100 கிலோவாட் லேசர் ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் வீச்சு 1,000 கிலோமீட்டர் என்று கையேடு சொல்கிறது. மாதிரியின் லேசர் வில்லையை அளந்தோம். 4 மில்லிமீட்டர், அதாவது முழு அளவில் 29 சென்டிமீட்டர். ஒரு மைக்ரான் அலைநீளமுள்ள ஒளி இந்த வில்லையிலிருந்து கிளம்பி 1,000 கிலோமீட்டர் போனால், எவ்வளவு கூர்மையாகக் குவித்தாலும் எட்டு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டமாக விரிந்துவிடும். கருவியின் குறையால் வருவதல்ல இது. ஒளியின் இயல்பே அது. அந்த வட்டத்தில் சதுர மீட்டருக்கு விழும் ஆற்றல் ஒன்றரை கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். விண்வெளியில் சூரியன் எந்நேரமும் 1.36 கிலோவாட் தந்துகொண்டிருக்கிறது. எதிரிக் கலத்தின் மேல் இன்னொரு சூரியன் அடித்தாற்போல் இருக்குமே தவிர, அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. அதே லேசரை 50 கிலோமீட்டருக்குள் பயன்படுத்தினால், வட்டம் அரை மீட்டருக்கும் குறைந்து, சூரிய ஒளியைப் போல் நானூறு மடங்குக்கு மேல் குவியும். எதிரியின் கேமராவைக் குருடாக்க அது தாராளமாகப் போதும். 1,000 என்ற எண்ணை அடித்துவிட்டு 50 என்று எழுதியிருந்தால் இந்த லேசர் குறை சொல்ல முடியாத ஆயுதமாக இருந்திருக்கும்.

லேசரின் வெப்பக் கணக்கையும் கையேடு விட்டுவிட்டது. 100 கிலோவாட் ஒளியாக வெளியேற, அதைப் போல் இரு மடங்கு அளவுக்குக் கலத்துக்குள் வெப்பமாகத் தங்கும். வெற்றிடத்தில் காற்று இல்லை, வெப்பத்தைக் கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற வேண்டும். அறை வெப்பநிலையை ஒட்டிய பலகை ஒன்று, ஒரு பக்கத்தில் சதுர மீட்டருக்கு 460 வாட் அளவுக்குத்தான் வெளியேற்றும். வராலின் பலகைகள் ஒவ்வொன்றும் 12 சதுர மீட்டர். இரண்டு பலகைகளின் இரு பக்கங்களையும் கூட்டினாலும் 22 கிலோவாட் தேறும். பத்து நொடி சுட்டால் சேரும் வெப்பத்தை இறக்க, கலத்தின் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்தினாலும் ஒன்றரை நிமிடம் வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் அவ்வளவு பெரிய பலகைகளே 70 கிலோவாட்டைத்தான் வெளியேற்றுகின்றன என்பதை நினைத்தால் இந்தக் குறையின் அளவு விளங்கும். வெப்பத்தைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் மெழுகுத் தொட்டி ஒன்றைக் காட்டியிருந்தால் போதும், சிக்கல் தீர்ந்திருக்கும்.

முகப்பின் அடியில் 20 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்று முன்னோக்கி நிற்கிறது. இதைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஏன் சார், முன்னால பாத்துச் சுட்டா அந்தக் குண்டு சுத்திக்கிட்டு நம்ம மேலயே வந்துராதா?” கையேட்டை எழுதியவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நொடிக்கு 7.7 கிலோமீட்டரில் ஓடும் கலம், ஒரு கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிக் குண்டை விட்டால், குண்டின் வேகம் 8.7 ஆகும். பூமியை விட்டுத் தப்ப அது போதாது. குண்டு நீள்வட்டப் பாதையில் மேலே ஏறி, ஒவ்வொரு சுற்றிலும் சுட்ட இடத்தின் உயரத்துக்கே, அதாவது நம் சொந்தக் காவல் சரகத்துக்கே, திரும்பி வரும். அந்த நேரத்தில் கலம் அங்கே இல்லாமல் போகலாம், ஆனால் வேறு எதுவும் இருக்கலாம். பின்னோக்கிச் சுட்டாலோ குண்டின் வேகம் 6.7 ஆகக் குறைந்து, அரைச் சுற்று முடிவதற்குள் வளிமண்டலத்தில் விழுந்துவிடும். ஆகவே ரோந்துக் கலத்தின் துப்பாக்கி வாலைப் பார்த்திருக்க வேண்டும். விண்வெளியில் துப்பாக்கி என்பதே வெறும் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1974இல் சோவியத் நாடு ஏவிய சல்யூட் 3 நிலையத்தில் பீரங்கி ஒன்று இருந்தது. குறிபார்க்க நிலையத்தையே திருப்ப வேண்டியிருந்தது. வீரர்கள் இறங்கிய பிறகு, 1975 ஜனவரியில், தரையிலிருந்து கட்டளையிட்டு அதைச் சுட்டுப் பார்த்தார்கள். வராலின் துப்பாக்கி தனிச் சுழல்மேடையில் இருப்பது அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் பின்னால் திருப்பினால் அலைவாங்கிக் கம்பத்தில் இடிக்கிறது.

இடுப்பின் இருபுறமும் இருக்கும் நான்கு ஏவுகணைப் பெட்டிகளை நான் ஒட்டவே வேண்டாம் என்பேன். 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோளை உடைத்தபோது, கண்காணிக்கக்கூடிய துண்டுகளே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சிதறின. விண்வெளி நிலைய வீரர்கள் தங்கள் கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. 2019 மார்ச் 27இல் இந்தியா மிஷன் சக்தி சோதனையை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் நடத்தியது, சிதறல் விரைவில் கீழே விழட்டும் என்பதற்காகத்தான். தான் வாழும் பாதையிலேயே காவல் காக்கும் கலம் அங்கே எதையும் வெடிக்க வைக்கக்கூடாது. தூத்துக்குடிக் கடலில் ரோந்து போகும் கடலோரக் காவல்படையின் விரைவுக் கப்பல்களில் 30 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு, ஆனால் அவற்றின் அன்றாட வேலை படகை நிறுத்துவது, ஆவணத்தைப் பார்ப்பது, தத்தளிப்பவர்களைக் கரை சேர்ப்பது. அந்த வேலைக்கான கருவி வராலிலும் இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் மடிந்து கிடக்கும் பிடிகையும் அதன் அருகே உள்ள வலைவீசியும்தான் அவை. விண்வெளியில் வலை வீசிப் பிடிப்பது 2018இல் ரிமூவ் டெப்ரி என்ற சோதனையில் செய்து காட்டப்பட்டது. இரண்டு கலங்களை மெல்ல அணுகி இணைக்கும் திறனை இஸ்ரோ 2025 ஜனவரி 16இல் ஸ்பேடெக்ஸ் வழியாக நிரூபித்தது. இந்தத் தொகுப்பிலேயே மிக நுட்பமாகச் செய்யப்பட்ட பாகம் அந்தப் பிடிகை. ஆறு மூட்டுகளும் அசைகின்றன. கையேட்டிலோ அதற்குக் கால் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், ஏவுகணைக்கு நான்கு பக்கம்.

சட்டம் பற்றிய பெட்டிச்செய்தியில் ஒரு பிழை திருத்தப்பட வேண்டும். 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை எல்லா ஆயுதங்களையும் தடை செய்வதாக அதில் எழுதியிருக்கிறது. சுற்றுப்பாதையில் வைக்கக்கூடாது என்று அந்த உடன்படிக்கை சொல்வது அணு ஆயுதங்களையும் பேரழிவு ஆயுதங்களையும்தான். நிலவிலும் பிற வான்பொருட்களிலும் இராணுவத் தளம் அமைப்பதையும் ஆயுதச் சோதனை நடத்துவதையும் அது தடுக்கிறது. துப்பாக்கியும் லேசரும் அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டும் வேலை சுலபமானது அல்ல. பாகங்கள் பெரும்பாலும் இறுக்கமாகப் பொருந்துகின்றன. உருண்டைத் தொட்டிகளின் இணைப்பில் மட்டும் விளிம்பு தூக்கலாக இருந்ததால், உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெளியே வைத்துப் பெயின்ட் தெளிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, மண்ணெல்லாம் மேலே ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஈரத்தால் பெயின்ட் வெளுத்துப்போகும். தூரிகையால் மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு அடிப்பதே நல்லது. கையேடு கறுப்பு நிறத்தைச் சொல்கிறது. வெப்பம் உமிழும் எந்தக் கலமும் அகச்சிவப்புக் கருவிக்குத் தெரிந்தே தீரும் என்பதால் ஒளிந்துகொள்ளக் கறுப்பு உதவாது. நாங்கள் பலகைகளுக்கு வெள்ளையும் தொட்டிகளுக்குப் பொன்னிறமும் அடித்தோம்.

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், பள்ளி அறிவியல் மன்றத்துக்கும் இதை வாங்கச் சொல்வேன். விலைக்குத் தகுந்த பொருள்தான். ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் பொடி மூச்சுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம் போட்டு நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், சிறுவர்களைத் தனியே விடக்கூடாது. அலைவாங்கிக் கம்பத்தை ஒட்டும்போது, கையேடு காட்டும் துளையை விட்டுவிட்டு, 8 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளிப் புதிதாக ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கி வால்பக்கம் முழுதாகத் திரும்பும்.