எக்செல் மக்ரோக்களை ஒரு கோப்புக்குள் சேர்ப்பது: பேர்சனலா, அட்-இன்னா?

காலபோக நெல்லுக்கு ஒரு வேர்க்புக், சிறுபோகத்துக்கு இன்னொன்று, பசளைக் கடனுக்கு வேறொன்று. வன்னியில் கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம் என்று கணக்கு எழுதும் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. எல்லாவற்றிலும் ஒரே மக்ரோ (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை எக்செல் தானே செய்ய எழுதிய கோட்), ஒவ்வொன்றிலும் ஒரு வரி வித்தியாசம். இவற்றை ஒன்றாக்க எக்செல் தரும் வசதிகளைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

இடம் மாற்றுவது சுலபம். இரண்டு வேர்க்புக்கையும் திறந்து, ஆல்ட் + எஃப்11 அழுத்திக் கோட் ஜன்னலுக்குப் போய், இடப்பக்கப் பட்டியலில் மொடியூலை (மக்ரோக் கோட் உள்ள பகுதியை) பிடித்து மற்றதன் மேல் இழுத்து விட்டால் பிரதி போய்விடும். வேறு கொம்பியூட்டருக்கு என்றால் கன்ட்ரோல் + ஈ கொடுத்து ஏற்றுமதி செய்து, அங்கே கன்ட்ரோல் + எம் கொடுத்து இறக்குமதி. படிவம் (யூசர்ஃபோர்ம்) இருந்தால் இரண்டு கோப்பு வரும், இரண்டையும் பென்ட்ரைவில் போடவேண்டும். ஷீட்டுக்குப் பின்னாலும் 'திஸ்வேர்க்புக்'கிலும் உள்ள கோட் இப்படி வராது. அதை எழுத்தாகவே கொப்பி பண்ணி ஒட்டவேண்டும்.

பட்டன்தான் ஏமாற்றும். ஷீட்டோடு கொப்பியான பட்டன் பழைய வேர்க்புக்கின் மக்ரோவையே பார்த்துக்கொண்டிருக்கும். அழுத்தினால் பழைய கோப்பும் திறக்கும். வலது கிளிக், 'அசைன் மக்ரோ' என்று ஒவ்வொன்றாக மாற்றவேண்டும்.

சேர்த்து வைக்க எல்லோரும் முதலில் எடுப்பது பேர்சனல் வேர்க்புக். மக்ரோ பதியும்போது சேமிக்கும் இடமாக அதைத் தெரிந்தால் தானே உருவாகும், எக்செல் திறக்கும் போதெல்லாம் மறைவாகத் திறக்கும். தனி ஆளுக்கு நல்லது. ஆனால் அது அந்த யூசரின் கணக்குக்குள்ளேயே கிடக்கும். கணக்காளர் இடமாற்றம் பெற்றுப் போனால் மக்ரோவும் போன மாதிரித்தான். ஐந்துக்கு இரண்டு.

சங்கத்துக்கு ஏற்றது அட்-இன், அதாவது எக்செலோடு இணைத்துக்கொள்ளும் மக்ரோக் கோப்பு. மொடியூல்கள் எல்லாம் உள்ள வேர்க்புக்கை 'எக்செல் அட்-இன்' வகையில் சேமித்து, டெவலப்பர் பட்டியில் 'எக்செல் அட்-இன்ஸ்', 'பிரவுஸ்' வழியாக ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் சேர்க்கவேண்டும். திருத்துவதும் அந்த ஒரு கோப்பைத்தான். இரண்டு குறை சொல்லவேண்டும். ஆல்ட் + எஃப்8 அழுத்தினால் வரும் மக்ரோப் பட்டியலில் பெயர் தெரியாது, அதனால் மேல்பட்டியில் பட்டன் வைத்துக் கொடுங்கள். கோட்டைத் திருத்திவிட்டு மூடினால் 'சேமிக்கவா' என்றும் கேட்காது. கோட் ஜன்னலிலேயே சேவ் பண்ணாவிட்டால், கரன்ட் போகாமலே வேலை போய்விடும்.

சேர்த்த பிறகு பிழை வருவது பெரும்பாலும் ஒரு சொல்லால். 'திஸ்வேர்க்புக்' என்று கோட்டில் இருந்தால் அது இனி அட்-இன்னையே குறிக்கும், நெல் கணக்கை அல்ல. கணக்கைத் தொடும் இடமெல்லாம் 'அக்டிவ்வேர்க்புக்' (அப்போது முன்னால் இருக்கும் வேர்க்புக்) ஆகவேண்டும்.

தமிழ் விசயத்தில் எக்செலை மன்னிக்க முடியாது. பழைய மக்ரோக்களில் 'மொத்தம்' என்பது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்காக என், கே, எச், ஜே என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றலாம் என்று அதே இடத்தில் ஒட்டினால் கேள்விக்குறி வரிசைதான் வரும், கோட் ஜன்னலுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ச் சொற்களை அட்-இன்னின் முதல் ஷீட்டில், ஏ நிரலில் எழுதி, கோட் அந்தக் கலத்தை வாசிக்கும்படி செய்யுங்கள். இங்கு மட்டும் 'திஸ்வேர்க்புக்' சரி. ஷீட்டின் பெயரும் தமிழ் என்றால் பெயரால் அழைக்காமல் 1 என்ற எண்ணால் அழையுங்கள்.

மின்னஞ்சலில் வந்த அட்-இன் வேலை செய்யாவிட்டால், கோப்பின் 'புரொப்பட்டீஸ்'சில் 'அன்புளொக்' பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 2022இலிருந்து இணையத்தில் வரும் மக்ரோக்களை எக்செல் தானே தடுக்கிறது. அட்-இன்னுக்கு ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றைத் தமிழுக்காகக் குறைத்திருக்கிறேன்.